ஏரிப் பனி: எட்டு அங்குலம்

எனக்குப் பச்சை நிறத்தோடு எந்த விரோதமும் இல்லை. என் வீட்டுச் சமையலறைகூடப் பச்சைதான். இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், நீல்ஸ். பத்திரிகையின் நிறத்தை மாற்றியதற்காக நான் அப்படிச் செய்தேன் என்று ஊரில் பேசுவதாக ஷெரிப் அலுவலகத்தில் எல்லோரும் சொல்கிறீர்கள். அது உண்மையில்லை.

வில்லோ பே கிளாரியன் பத்திரிகையில் முப்பத்து நான்கு வருடம் பக்கம் அமைத்தேன். தலைப்பில் நீந்தும் லூன் பறவை நான் வரைந்தது. உங்கள் தாத்தாவின் இரங்கல் குறிப்பை எழுதியதும் நான்தான். அவர் சாவதற்கு நான்கு வருடம் முன்பே எழுதி வைத்துவிட்டேன். ஊரில் எண்பதைத் தாண்டியவர்கள் எல்லோருக்கும் என் கணினியில் ஒரு குறிப்பு உண்டு. கடைசி நேரத்தில் அவசரப்பட்டால் பெயரில் பிழை வரும். சிறு பத்திரிகைக்கு அதைவிட மானக்கேடு வேறு இல்லை.

போன இலையுதிர் காலத்தில் மினியாபொலிஸிலிருந்து டெலனி ஆஸ்டர் வந்தாள். பத்திரிகைக்குப் புது முகம் வேண்டும், கைப்பேசியில் படிக்கிற மாதிரி இணையதளம் வேண்டும் என்று முதலாளி கோர்டி கூட்டி வந்தார். முதல் வாரமே என் பறவை போய், அந்த இடத்தில் ஒரு பச்சை எழுத்து வந்தது. மெனக்கெட்டு உழைக்கிற பெண். அதை மறுக்க மாட்டேன்.

வியாழக்கிழமைதோறும் கோர்டி பேக்கரியிலிருந்து ஒரு கேரமல் ரோல் வாங்கி வந்து என் மேசையில் வைப்பார். இருபது வருடப் பழக்கம். மார்ச் மாதம் ஒரு வியாழன், அது அவள் மேசையில் இருந்தது.

"உனக்குத்தான் சர்க்கரை ஆகாதே வெர்னா," என்று சிரித்தார். "இவ பாவம், காலைல ஒண்ணும் சாப்பிடாம ஓடி வர்றா."

பொறாமைதான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இப்போது ஏரிக்கு வருகிறேன். தூண்டில் கடை ராய்ஸ் செவ்வாயும் வெள்ளியும் உறைந்த ஏரியில் துளைபோட்டு, பனிக்கட்டி எத்தனை அங்குலத் தடிமன் என்று எனக்குப் போன் செய்வார். மீன் பிடிக்கிறவர்கள் அதை நம்பித்தான் பனிமேல் இறங்குவார்கள். அந்த எண்ணை டெலனி தளத்தின் உச்சியில் வைத்தாள். பதிவேற்றும் வேலை மட்டும் என்னிடமே இருந்தது. அவள் வீடு எதிர்க்கரையில். தினமும் பனிவண்டியில் ஏரியைக் கடந்து வருவாள்.

"உங்க நம்பரைப் பாத்துட்டுத்தான் நான் பூட்ஸே மாட்டுவேன்," என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை எட்டு அங்குலம். பிறகு மூன்று நாள் விடாமல் மழை. செவ்வாய் மாலை ராய்ஸ் அழைத்தார்.

"மூணு இஞ்ச்தான் வெர்னா. அதுவும் உளுத்துப்போய்க் கெடக்கு. ஒருத்தரும் கால் வெக்க வேணாம்னு பெரிசா போட்டுரு."

பெரிதாகவே போட்டேன், அச்சில், முதல் பக்கத்தில். தளத்தில் மட்டும் செவ்வாய்க்கிழமைத் தேதியிட்டு எட்டு என்று அடித்தேன். அந்த நிமிடம்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. புதுத் தளம் தப்பு சொல்கிறது என்று ஊர் சிரிக்கட்டும், அவள் பெயரில் ஒரு திருத்தம் வரட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

அச்சுப் பத்திரிகை புதன் மதியம் வீடுகளுக்குப் போகும். டெலனி புதன் காலை ஏழரைக்குக் கிளம்பினாள். உங்கள் ஆட்கள் மதியம் மூன்று மணிக்கு அவளைத் தண்ணீரிலிருந்து தூக்கினார்கள். மற்றவர்கள் யாரும் இறங்கவில்லை. ராய்ஸ் கடை வாசலிலேயே எல்லோரையும் மறித்துவிட்டார்.

மறுநாள் வியாழன். கோர்டி அழுதுகொண்டே வந்தார். கொஞ்ச நாளைக்கு அந்தப் பச்சையைப் பார்க்க முடியாது, பறவையையே திரும்பப் போட்டுவிடு என்றார். கையில் ஒரு பை. பழக்கதோஷத்தில் வாங்கிவிட்டதாகச் சொல்லி என் மேசையில் வைத்தார். சூடாக இருந்தது. சாப்பிட்டேன்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், அவளுடைய இரங்கல் குறிப்பும் நான் எழுதியதுதான். பெற்றோர் பெயர், படித்த கல்லூரி, அவள் வளர்த்த நாயின் பெயர்வரை சரிபார்த்தேன். இறந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன். அந்தக் கோப்பின் தேதி செவ்வாய்க்குப் பன்னிரண்டு நாள் முந்தைய வியாழக்கிழமையாக இருக்கிறது, அவளுக்கு இருபத்தொன்பது வயதுதானே என்கிறீர்கள்.

நான்தான் சொன்னேனே, நீல்ஸ். கடைசி நேரத்தில் அவசரப்பட்டால் பெயரில் பிழை வந்துவிடும்.