பனிக்கூடைக்குப் புதுத் தலைவர்

– முடியாதுன்னா முடியாதுதான், கிஷாந்த். நான் இந்தப் பனிக்கூடைப் பதிப்பகத்துக்குத் தலைவியா இருக்குற வரைக்கும் அந்தக் கதை புத்தகமா வராது.

– ஏன் பிரேமினிக்கா? பேர் போடாம வந்த கதைங்கிறதாலயா?

– காரணமெல்லாம் கேக்காத. அடுத்த கதைய எடு.

– நம்ம பனிக்கூடையில என்னக்கா வழக்கம்? எந்தக் கதையா இருந்தாலும் தோட்டத்துல தேயிலைக் கொழுந்து நிறுக்குற எடத்துல வாசிச்சுக் காட்டணும். பொம்பளைங்க கூடையத் தூக்கிட்டு எந்திரிச்சா கதை திரும்பிப் போகும். உக்காந்து கேட்டா அச்சுக்குப் போகும். சரியா?

– சரிதான்.

– நேத்து திம்புள்ளத் தோட்டத்துல வாசிச்சேன். மாப்பிள்ளை பயந்துபோய் கல்யாண வேன்ல இருந்து குதிச்சு, நல்லதண்ணி ஊருல, சிவனொளிபாத மலைக்குப் போற சாமிமாரோட சேர்ந்து மலையேறிடுறான்ல? பொண்ணு கூறைச்சேலைய இடுப்புல சொருகிக்கிட்டுத் தொரத்துறா பாருங்க, அங்க ஒரு அக்கா சிரிச்ச சிரிப்புல தராசு மேலயே சாஞ்சுட்டாங்க.

– நெசமாவா?

– நிறுக்குறதே நின்னுபோச்சுக்கா! கணக்கப்புள்ள ஐயா ஓடி வந்து கத்துனாரு. அப்பறம் அவரே ஒரு சாக்க விரிச்சு உக்காந்துட்டு, "மாப்பிள்ளை சிக்குனானா?"ங்கிறாரு.

– பொண்ணோட ஆத்தா மலையடிவாரத்துல நின்னு திட்டுற எடம்? அதுக்குச் சிரிச்சாங்களா?

– அதத்தான் திரும்பவும் வாசிக்கச் சொன்னாங்க. இவ்வளவு ஆசையாக் கேக்குறீங்க, போட மட்டும் மாட்டீங்களா? நாம என்ன லாபத்துக்கா பதிப்பகம் நடத்துறோம்? ஜனங்க வாசிக்கத்தானே நடத்துறோம்? இது அநியாயம்க்கா!

– அடடா, சத்தம் கீழ என்ட கடை வரைக்கும் கேக்குது! பருப்பு வாங்க வந்த ஆளெல்லாம் கூரையப் பாத்துக்கிட்டு நிக்குது. என்ன புள்ளைகளே, சண்டையா?

– வாங்க மஃறூப் நானா. நீங்களும் கமிட்டியில இருக்கீங்கல்ல, நீங்களே நியாயம் சொல்லுங்க. நல்ல கதைய அக்கா தடுக்குறாங்க.

– நான் என்னத்தச் சொல்ல, மகன்? தலைவி வேணாம்னா வேணாம்தான்.

– அப்ப நான் கொழும்புக்குப் போறேன். அங்க ஒரு அச்சகத்துல கூப்புட்டுக்கிட்டேதான் இருக்காங்க. ஜனங்க கேக்குற கதையப் போட முடியலன்னா எனக்கு இங்க என்ன வேல?

– கொழும்புக்கா? அட்டன் குளிர் இல்லாம நீ ரெண்டு நாள் தாங்க மாட்ட. உக்காருடா. நேத்து நீ திம்புள்ளைக்குப் போயிருந்தப்ப கமிட்டி கூடுனுச்சு, நான் எறங்குறேன்னு சொல்லிட்டேன். அடுத்த தலைவரா ஒன் பேரத்தான் எல்லாரும் சொன்னாங்க.

– மொதல்ல தூக்கின கை என்டது, மகன்!

– அய்யய்யோ! அக்கா, நான் ஏதோ கோவத்துல கத்திட்டேன், அதெல்லாம் மனசுல வைக்காதீங்க. ஒடம்புக்கு ஏதுமா? கனடாவுல இருக்குற மகன் கூப்புடுறானா?

– ஒடம்பு கல்லு மாதிரி இருக்கு. நான் எங்கயும் போகல.

– நீங்க இல்லாம பனிக்கூடை ஏதுக்கா? புத்தக மூட்டையத் தூக்கச் சொல்லுங்க, தூக்குறேன். தலைவர் நாற்காலியெல்லாம் எனக்கு ஆகாது.

– அந்த நாற்காலி ஒரு பக்கம் ஆடும். காலுக்கு அடியில நானா கடை சவுக்கார அட்டையத்தான் மடிச்சு வச்சிருக்கேன். அவ்வளவுதான் அதோட பெரும.

– யோசி மகன். நீ தலைவர்னா அந்தக் கதைய நிப்பாட்ட ஆளு யாரு?

– அட, ஆமால்ல! அக்கா, நான் வந்தா மொத வேலையா அதத்தான் அச்சுக்கு அனுப்புவேன். பெறகு கோவிக்கக் கூடாது.

– கோவிக்க மாட்டேன். சம்மதம்னு சொல்லு, மஃறூப் நானாதான் சாட்சி.

– சம்மதம்.

– அல்ஹம்துலில்லாஹ்! கீழ நிக்கிற ஆளுக்கெல்லாம் இன்னைக்குப் பிளேன்டீ என்ட கணக்கு!

– இருங்க நானா. தலைவர் உத்தரவக் கேட்டுட்டுப் போங்க. கதை இன்னைக்கே அச்சுக்குப் போகுது. அத எழுதுனது யாருன்னு தேடிப் புடிச்சு மால போடணும். அக்கா, பூண்டுலோயா தோட்டங்கள் பக்கம் விசாரிப்போமா?

– தேட வேணாங்க தலைவரே. பதவியில இருக்குறவங்க எழுதுனத நம்ம பதிப்பகம் போடக்கூடாதுன்னு சட்டம் போட்டவளும் நான்தான், கதையில அந்தப் பொண்ண மலையேத்தி விட்டவளும் நான்தான். வேற வழி தெரியலைங்க, நாற்காலிய விட்டு எறங்கிட்டேன்.