இரண்டாவது பதிவு

என் தங்கை கணவருக்குப் பாடவே வராது. ஆனாலும் தகடு அழுத்தும் இயந்திரத்தின் முன் நிற்கும் நேரமெல்லாம் பாடிக்கொண்டே இருப்பார். "கொஞ்சம் வாயை மூடுங்க மாப்ள, மிஷின் பயந்து நின்னுடப் போகுது" என்று கிண்டல் செய்வேன். அவரை அந்த வேலையில் சேர்த்துவிட்டவன் நான்தான். எனக்கு அவரைப் பிடிக்கும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த இயந்திரத்தின் மென்பொருள் என் பொறுப்பு. தகடு வைக்கும் இடத்துக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று உண்டு. கை அதைத் தாண்டியதும், உள்ளே இருக்கும் கணினி கையிலுள்ள வேலையைப் போட்டுவிட்டு, மேலிருந்து இறங்கும் இரும்பு அச்சை நிறுத்த வேண்டும். கண் இமைப்பதற்குள் நிறுத்தியும் விடும். எப்போதாவது மட்டும் தாமதித்தது. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை.

கைக்குப் பதிலாக மரக்கட்டையை நீட்டி நீட்டிப் பார்த்தேன். சோதனை என்றால் அது நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. அதனால் மாப்பிள்ளை வேலை செய்யும்போதே அளவுக் கருவியை மாட்டிவைத்துக் காத்திருந்தேன். ஒரு காலையில் அந்தத் தாமதம் வந்தது. கருவியின் திரையில், கை நுழைந்ததைக் காட்டும் கோடு ஓரிடத்தில். கணினி பதில் சொன்ன கோடு வெகுதூரம் தள்ளி. அச்சு அவர் விரலுக்குச் சற்று மேலே நின்றது. பாட்டு மும்முரத்தில் அவர் கவனிக்கவில்லை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. முடிந்த தகடுகளின் எண்ணிக்கையைச் சேமிக்கும் அந்தச் சிறுபொழுதில் கணினி யார் கூப்பிட்டாலும் காதில் வாங்குவதில்லை. தகடு இல்லாமல் கட்டையை நீட்டும்போது எண்ணிக்கை ஏறாது. அதனால்தான் சோதனையில் சிக்கவில்லை. அந்தப் பகுதியை எழுதியவனும் நான்தான்.

இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் கருவியின் ஒரே ஒரு பதிவைக் காட்டினால் மேலாளர் தற்செயல் என்று தள்ளிவிடுவார். இன்னொன்று வேண்டும். மாப்பிள்ளையிடம் சொன்னால் பயந்து கையை மெதுவாக நீட்டுவார், அளவு கெட்டுவிடும்.

"என்ன மச்சான், மிஷின்ல ஏதாவது கோளாறா?"

"ஒண்ணுமில்ல மாப்ள. நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க."

மதியத்துக்குச் சற்று முன் பாட்டு நின்றது. நான் முதலில் கருவியின் திரையைத்தான் பார்த்தேன். இரண்டு பதிவுகளும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன. பிறகு ஓடினேன்.

வலது கை போய்விட்டது. தங்கைதான் இப்போது அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறாள். நான் போனால் நாற்காலியை இழுத்துப் போட்டு, "அண்ணா, நீ மட்டும் பக்கத்துல இல்லேன்னா இவரு உயிரே போயிருக்கும்" என்கிறாள். அவரும் தலையாட்டுகிறார். பாடுவதில்லை. அந்த வீட்டில் உட்கார்ந்திருக்க நெஞ்சு வலிக்கிறது.

கோளாறைச் சரிசெய்துவிட்டேன். நாலே வரி. முதல் பதிவு வந்த கையோடு அதை எழுதி வைத்திருந்தேன். இரண்டாவது இல்லாமல் அதை இயந்திரத்தில் ஏற்ற மேலாளர் சம்மதித்திருக்க மாட்டார்.

இல்லை, அவரிடம் நான் கேட்கவில்லை.