மலர் ஏன் பேசவில்லை

பெயர் லோஷினி த/பெ செல்வா. வயது பதினாறு. தம்போய் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அப்பா அம்மாவுடன் இருக்கிறேன். நான்காம் படிவம் படிக்கிறேன். நேற்று போலீஸ் அதிகாரி பள்ளியில் விசாரித்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அது பொய். வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு குளியலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நான் பள்ளியில் சக மாணவர் வழிகாட்டி. சிறிய வகுப்புப் பிள்ளைகள் பிரச்சினையோடு வந்தால் நல்ல முடிவெடுக்க உதவ வேண்டும் என்று பயிற்சி கொடுத்து பேட்ஜ் தந்தார்கள். மலர் இரண்டாம் படிவம், எங்களுக்கு மேல்மாடி வீடு. அவளுடைய அம்மா பிரேமலா தினமும் எல்லை தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருபவர், விடியும் முன்பே கிளம்பிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மலர் என்னிடம் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாள். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் குணாளன் அதைக் கொடுத்து, பத்திரமாக வைத்திரு, வாய் திறந்தால் நடப்பது வேறு என்று மிரட்டியதாகச் சொன்னாள். உள்ளே வேப் என்ற மின்சிகரெட்டில் ஊற்றும் திரவக் குப்பிகள் இருந்தன. குணாளன் அதில் போதைப்பொருள் கலந்து விற்பது புளோக்கில் பலருக்குத் தெரியும். கால்வாயில் போட்டுவிடலாம் என்று மலர் சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன்.

"தூக்கிப் போட்டா அவன் உன்னத்தான் கேப்பான். நாளைக்கு ஸ்கூலுக்குக் கொண்டு வா, கட்டொழுங்கு சார்கிட்ட நீயே குடுத்துடு. நானும் கூட வரேன்லா."

"சார் என்ன நம்புவாராக்கா?"

நம்புவார் என்றேன். அதன் பிறகு, குணாளனுக்குப் பயந்து, இதில் என் பெயரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். பேட்ஜ் போட்டதும் பெரிய லாயர் மாதிரி பேசுகிறீர்கள் என்று கிண்டல் செய்துவிட்டுத்தான் மாடிக்குப் போனாள்.

திங்கட்கிழமை காலை நான் பள்ளி வாசலில் பணியில் நின்றேன். அன்று திடீரென்று எல்லாருடைய பைகளையும் சோதித்தார்கள். மலர் தன் பையைத் திறக்கும் முன்பே, கொடுக்கத்தான் கொண்டு வந்தேன் என்றாள். பிடிபட்டவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்றார் கட்டொழுங்கு ஆசிரியர். அதன் பிறகு, இது வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். மலர் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, யாருக்கும் தெரியாது என்றாள். நான் கை எட்டும் தூரத்தில் நின்றேன். அவளைப் போலீஸ் வண்டியில் ஏற்றியபோது பள்ளிக் காலணியில் ஒன்று கழன்று விழுந்தது. அதை எடுத்துக் கொடுத்தவள் நான். நன்றி அக்கா என்றாள்.

அன்று மாலை படிக்கட்டில் குணாளன் என்னை வழிமறித்தான்.

"என்ன தங்கச்சி, படிப்பெல்லாம் எப்படி? உங்க வீட்டுக் கதவு நம்பர் எனக்கு மனப்பாடம்லா."

அதனால்தான் நேற்று பொய் சொன்னேன். இன்று லிஃப்டில் மலரின் அம்மா வேலைச் சட்டையோடு நின்றார்.

"நீயாச்சும் சொல்லு லோஷினி. எம்பிள்ள ஏன் வாயத் தொறக்க மாட்டேங்குது?"

எங்கள் மாடி வந்ததும் இறங்கிவிட்டேன்.

பெட்டி மலருடையது அல்ல. பள்ளிக்குக் கொண்டு வரச் சொன்னது நான். யாருடைய தூண்டுதலும் இல்லாமல் எழுதிய இவை அத்தனையும் உண்மை. விடிந்ததும் இதைப் போலீஸ் நிலையத்தில் கொடுக்கிறேன். வாங்கிக்கொள்ளும் அதிகாரி, லோஷினி சொல்லிவிட்டாள், இனி நீயும் பேசலாம் என்று மலரிடம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒப்பம்,
லோஷினி