துணைவேந்தருக்குப் பூங்கொத்து

— பூங்கொத்தைத் தலைகீழாப் பிடிக்காதடி. துடைப்பத்தைப் பிடிச்ச மாதிரி நிக்கற.

— கை வலிக்குதும்மா. வேற யாரையாவது நிக்க வையேன்.

— வேற யாரு இருக்கா? மாநாட்டு வரவேற்புக் குழுன்னு ஆறு பேரைப் போட்டாங்க. ஒருத்தருக்குக் காய்ச்சல். ஒருத்தருக்கு மச்சினி கல்யாணம். மிச்சப் பேரு காபி மெஷின் பக்கத்துலயே குடித்தனம் வச்சிட்டாங்க. அதான் உன்னை இழுத்துட்டு வந்தேன். தலைவின்னு என் அட்டையில போட்டிருக்காங்க பாரு, தலைவலின்னு போட்டிருக்கலாம்.

— உள்ள என்ன சத்தம்?

— ரெண்டு நாட்டுத் துணைவேந்தருங்க ஒரே நாற்காலிக்கு மல்லுக்கு நிக்கறாங்க. வந்தவங்க அத்தனை பேருக்கும் முதல் வரிசை வேணும்னா நான் எங்க போவேன்? அவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தைக் கட்டி ஆளறாங்க, ஒரு நாற்காலியை விட்டுக்கொடுக்க மனசு வரல. இன்னொருத்தர், எங்க நாட்டுக் கொடியை ஓரத்துல வச்சுட்டீங்கன்னு கோவிச்சுக்கிட்டு கார்லயே உக்காந்திருக்கார். இப்பத்தான் கெஞ்சிட்டு வர்றேன்.

— இறங்கினாரா?

— உள்ள ஏசி நல்லா இருக்குன்னு சொன்னேன், வர்றாராம். அது கிடக்கட்டும். அடுத்து வர்றது உங்க துணைவேந்தர். நேரா நில்லு. சிரி. ‘ஐயா, நான் உங்ககிட்டதான் மூணாம் வருஷம் படிக்கறேன்’னு சொல்லு.

— நான் சொல்ல மாட்டேன்.

— ஏன், வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?

— அவருக்கு மட்டும் நீயே கொடுத்துடும்மா. நான் கார் நிறுத்தற பக்கம் போயிடறேன்.

— காலையிலேருந்து ஊரு உலகத்துக்கெல்லாம் பூ கொடுத்த. சொந்தக் காலேஜ்காரர் வரும்போது ஓடறியே. நாளைக்கு மேல படிக்கணும்னா அவர் தயவு வேணாமா? என்னையெல்லாம் இப்படிக் கூட்டிட்டு வந்து நிறுத்த ஒரு நாதி இல்ல, தெரிஞ்சுக்க.

— அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நேத்தே சொல்ல வந்தேன், நீ போனைக் கீழ வைக்கவே இல்ல.

— இப்பத்தானா? கார் வந்தாச்சு பாரு, அப்புறம் சொல்லு. ஐயா, வாங்க, வாங்க. உலக உயர்கல்வி மாநாட்டுக்கு உங்களை அன்போட வரவேற்கிறோம். நான் வரவேற்புக் குழுத் தலைவி. இது என் பொண்ணு, உங்க பல்கலைக்கழகத்துலதான் படிக்கறா. கொடும்மா பூவை. கொடுடி.

— கட்டாயப்படுத்தாதீங்க மேடம். இந்தப் பொண்ணை எனக்கு நல்லாவே தெரியும். படிக்கறான்னா சொன்னீங்க?

— ஆமாங்கய்யா. மூணாம் வருஷம்.

— படிச்சிட்டிருந்தா. போன மாசம் நீக்கிட்டோம். வீட்ல சொல்லலையா?

— நீக்கிட்டீங்களா? என்னடி சொல்றார்?

— அதைத்தாம்மா சொல்ல வந்தேன்.

— அப்போ தினம் காலையில பையைத் தூக்கிக்கிட்டு எங்கடி போன?

— பொது நூலகத்துக்கு.

— கடவுளே. ஐயா, இவ என்ன பண்ணியிருந்தாலும் நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். காப்பியடிச்சாளா? யாரையாவது அடிச்சிட்டாளா?

— அப்படின்னா எச்சரிக்கை பண்ணி விட்டிருப்போம் மேடம். என் அறை வாசல்ல ஒரு கூட்டத்தையே உக்கார வச்சு, என்னை வெளிய விடாம மறிச்சா. நாங்க சாயங்கால வகுப்பை மூடக் கூடாதாம்.

— சாயங்கால வகுப்பையா? அதை மூடிட்டீங்களா?

— மூடியாச்சு. வேலைக்குப் போறவங்களுக்குன்னு ரொம்ப வருஷமா நடத்திட்டிருந்தது. இந்தக் காலத்துக்கு ஒத்து வராது.

— நீ பகல்ல படிக்கறவ. உனக்கும் அதுக்கும் என்னடி சம்பந்தம்?

— எனக்கு இல்லாம வேற யாருக்கும்மா?

— பாத்தீங்களா மேடம், என்கிட்டயும் இப்படித்தான் எதிர்ப்பேச்சு. அந்த வகுப்புக்கு வந்தவங்கள்ல பாதிப் பேரு பெஞ்சுல தலையைச் சாய்ச்சுத் தூங்கறவங்க. பட்டம் வாங்கி என்னத்தைக் கிழிச்சாங்க? அவங்களுக்காகப் போய் இவ படிப்பைக் கெடுத்துக்கிட்டா. உங்க முகத்துக்காகச் சொல்றேன். இங்கயே, இப்பவே ஒரு மன்னிப்பு கேக்கச் சொல்லுங்க. நாளைக்கே சேர்த்துக்கறேன்.

— கேளுடி. ஒரு வார்த்தைதானே.

— மாட்டேம்மா.

— என் பேச்சைக் கேக்க மாட்டியா? உன் வாழ்க்கைடி.

— தெரியும்மா. இருந்தாலும் மாட்டேன்.

— விடுங்க மேடம், பட்டாத்தான் புத்தி வரும். உள்ள ஆரம்பிச்சிடப் போறாங்க. என் இடம் எங்க?

— முதல் வரிசைதான், கூட்டிட்டுப் போறேன். அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க ஐயா. அந்தப் பெஞ்சுல தூங்கினவங்கள்ல நானும் ஒருத்தி. கடைசிப் பரீட்சையை இவளை வயித்துல வச்சுக்கிட்டுத்தான் எழுதினேன்.