அந்த எம்.பி.ஏ.வுக்கு வரலாமா?

பிரமிளா: …அதெல்லாம் அவங்க வெப்சைட்லயே போட்டிருக்குடா. நீ சொல்லு. எம்.பி.ஏ. படிக்க அங்க வரலாமா, வேண்டாமா?

உகேஷ்: எங்கள் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களுக்கு மிகச் சிறந்த சூழல்…

பிரமிளா: டேய்! சொந்தப் பெரியம்மா பொண்ணுகிட்ட என்னடா ரேடியோ நியூஸ் வாசிக்கிற?

உகேஷ்: அக்கா… இது ஆபீஸ் போன். வை. நானே கூப்பிடறேன்.

உகேஷ்: ம்… இப்பப் பேசு. மாடிப்படிக்குக் கீழ நிக்கிறேன்.

பிரமிளா: எதுக்கு ஒளிஞ்சு பேசற?

உகேஷ்: அந்த போன்ல எல்லாம் பதிவாகும். சேரலாமான்னு கேக்கறவங்களுக்குப் பதில் சொல்றதுதான், படிச்சுக்கிட்டே எனக்கு இங்க வேலை.

பிரமிளா: இது பதிவாகாதுல்ல? சொல்லு.

உகேஷ்: குளிர் கொஞ்சம் ஜாஸ்தி…

பிரமிளா: சின்ன வயசுல நம்ம ஊரு பக்தப்பூர்ல குயவர் வீட்டுப் பானையை உடைச்சுட்டு, 'காத்துல விழுந்துச்சு'ன்னியே, அதே குரல். உன் கிளாஸ்ல எத்தனை பேரு?

உகேஷ்: சேரும்போது நாப்பது.

பிரமிளா: இப்போ?

உகேஷ்: …பதினொண்ணு.

பிரமிளா: மத்தவங்க?

உகேஷ்: வேற காலேஜுக்கு ஓடிட்டாங்க. சில பேரு திரும்பக் காத்மாண்டுவுக்கே…

பிரமிளா: நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு வேலைன்னு போட்டிருக்கே!

உகேஷ்: கிடைக்குது. இந்த ஊர்க்காரங்களுக்கு. நான் போன கம்பெனியில என் விசா என்னன்னு கேட்டதுமே பயோடேட்டாவைத் திருப்பிக் கையில குடுத்துட்டாங்க.

பிரமிளா: கடவுளே…

உகேஷ்: அதுகூடப் பரவால்லக்கா. காலேஜோட அங்கீகாரமே போயிடும் போல. மார்ச்ல தெரியும். போச்சுன்னா டிகிரி வெறும் காகிதம்.

பிரமிளா: இதை ஏன்டா ஒருத்தர்கிட்டயும் சொல்லல?

உகேஷ்: சொன்னா இந்த வேலை போகும். வேலை போனா படிப்பு, படிப்பு போனா விசா. 

பிரமிளா: அப்போ, கூப்பிடறவங்ககிட்ட எல்லாம்…

உகேஷ்: நல்ல காலேஜ், தைரியமா வாங்கன்னுதான்.

பிரமிளா: எத்தனை பேர்கிட்ட?

உகேஷ்: எண்ணல. எண்ணவே பயமா இருக்கு… நீ வராத. பேங்க் வேலையை விட்டுடாத. அக்கா? லைன்ல இருக்கியா?

பிரமிளா: விட்டு இருபது நாளாச்சு. துபாய் ஏர்போர்ட்ல உக்காந்திருக்கேன்.

உகேஷ்: என்னது! யாருமே சொல்லலயே!

பிரமிளா: நேர்ல வந்து நிக்கலாம்னு நான்தான் சொல்ல வேண்டாம்னேன். இப்பவும் கிளம்பிட்டேன்னு தெரிஞ்சிருந்தா, என்னையும் தைரியமா வான்னுதானே சொல்லியிருப்ப?

உகேஷ்: …ஏறாதக்கா. அடுத்த பிளேன்ல ஏறிடாத. திரும்பிடு.

பிரமிளா: நான் ஏறல. ஆனா பக்கத்துல ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க. உகேஷ் சார் போன்ல சொன்னாருன்னு நம்பிக் கிளம்பினவங்க. அவங்க அப்படிச் சொன்னதும்தான் சந்தேகம் வந்து, அவங்க குடுத்த நம்பர்ல உன்னைக் கூப்பிட்டேன்… ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்டா. எல்லாத்தையும் கேட்டுட்டாங்க. சின்னவ அழறா. அவகிட்டப் பேசு.