பின்தகட்டுக்கு அடியில் இருந்த மரம்

என் பெயர் கோதண்டம். தகப்பனார் பெயர் தசரதன், காலமாகிவிட்டார். எனக்கு வயது எழுபத்து நான்கு. குன்றத்தூர் மலைக்கோயில் அடிவாரத்தில் குடியிருக்கிறேன். மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுவது என் தொழில். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

விசாரணையில் உள்ள துப்பாக்கியை எனக்குத் தெரியும். பெருவெள்ளம் வந்து இந்தப் பக்கத்துச் சாலைகளில் படகு விட்டார்களே, அந்த வருடம் தண்ணீர் வடிந்ததும், ஒரகடத்துக்குப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த பலராமன் அதை என்னிடம் கொண்டுவந்தார். கடலைக்கொல்லையில் பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி. வீட்டுக்குள் புகுந்த தண்ணீரில் ஊறி, தோளில் அணைக்கும் மரக்கட்டையில் போட்டிருந்த அரக்குப் பாலிஷ் மோர் ஊற்றினாற்போல் வெளுத்துப் போயிருந்தது. அவர் மனைவி கோமதியம்மாளும் கூட வந்திருந்தார்.

மறுபடி அரக்குப் போட்டால் மறுபடி வெளுக்கும், வார்னிஷ் போட்டால் வெயிலில் தோல் உரியும், ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் மினுக்கு வராது ஆனால் மரத்துக்குள் இறங்கி நிற்கும் என்று சொன்னேன். பலராமனுக்கு மினுக்குதான் வேண்டியிருந்தது. "பளபளன்னு இருந்தா பன்னி அதுல மூஞ்சி பாத்துக்கினு போவும். எண்ணெயே தேய்ங்கண்ணே" என்று கோமதியம்மாள் சொன்னார். "அவ சொல்லிட்டா, அப்பறம் இன்னா மச்சான்" என்று பலராமன் சிரித்துவிட்டார். எதையும் முதலில் வெளியே தெரியாத இடத்தில் தடவிப் பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். ஆகவே கட்டையின் பின்பக்கத்து இரும்புத் தகட்டைக் கழற்றி, அதன் அடியில் ஓர் ஓரமாக எண்ணெய் தடவிக் காட்டிய பிறகே முழுவதும் தேய்த்தேன்.

அதன்பின் வருடா வருடம் எண்ணெய் தேய்க்கக் கொண்டுவருவார். குறி பார்க்கக் கன்னம் வைக்கும் இடத்தில் அவர் வியர்வையும், கோமதியம்மாள் அவர் தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெயும் இறங்கி, உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு விழுந்துவிட்டது.

கொரோனா இரண்டாம் முறை வந்தபோது பலராமன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உடலைச் சுற்றிக் கட்டி நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். முகம் பார்க்க முடியவில்லை. அதன்பின் நான் துக்கம் கேட்கப் போனேன். கோமதியம்மாள் துப்பாக்கியை மடியில் போட்டு, அந்தக் கறுப்பில் கன்னத்தை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தும் எடுக்கவில்லை.

லைசென்ஸ்காரர் இறந்துவிட்டதால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டி வந்தது. கார் கம்பெனியில் பெயிண்ட் பிரிவில் வேலை பார்த்த அவர்கள் ஒரே மகன் மோகன் என்னிடம் வந்து, "ஸ்டேஷன்ல ஈரத்துல எத்தினி வருஷம் கெடக்குமோ மாமா. எண்ணெ தாங்காது. காருக்கு அடிக்கிற கிளியர் கோட் அடிச்சா அப்பா கட்ட அப்டியே நிக்கும்" என்றான். "எதுவானாலும் மொதல்ல தகட்டுக்கு அடியில அடிச்சிப் பாருடா" என்றேன். துப்பாக்கியை அவனே எடுத்துப்போய் ஒப்படைத்தான், கோமதியம்மாள் அதன்பின் அதைப் பார்க்கவில்லை. அதற்குமுன் அவன் என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது. போன ஆடியில் ஷிப்ட் முடிந்து வரும்போது சாலை விபத்தில் மோகனும் இறந்துபோனான்.

இனித் துப்பாக்கிக்கு லைசென்ஸ் எடுக்க மகனும் இல்லாததால், கட்டையை மட்டுமாவது கழற்றித் தரும்படி கோமதியம்மாள் மனு கொடுத்திருக்கிறார். இன்று காலை ஸ்டேஷனில் அதைக் காட்டியபோது, கண்ணாடிபோல் மின்னிய கட்டையைத் திருப்பித் திருப்பித் தடவிவிட்டு, "இது எங்க ஊட்டுது இல்ல. கட்டைய மாத்திட்டீங்க" என்று சத்தம் போட்டார். துப்பாக்கிகளுக்குப் பொறுப்பான காவலர், "உன் கட்டைய எடுத்துப் போயி நான் இன்னாம்மா அடுப்பா எரிக்கப் போறேன்?" என்றார். அதன்பேரில் என்னை அழைத்துவந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் அய்யா அனுமதியுடன் பின்தகட்டைக் கழற்றினேன். ஓர் ஓரத்தில் நான் தடவிய எண்ணெய் இருந்தது. பக்கத்திலேயே கிளியர் கோட் ஒரு தடவல். காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்த பெருவிரல் ரேகை அதில் அப்படியே இறுகிப்போயிருந்தது. மரம் அதே மரம்தான். எண்ணெய் இருந்தால் பெயிண்ட் பிடிக்காது, எண்ணெய்க்கறை என்றாலே கார் பெயிண்ட் அடிப்பவர்கள் வேலையில் குறை. அந்தப் பழக்கத்தில் மோகன் கறுப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு கிளியர் கோட் அடித்திருக்கிறான். அது அவன் அப்பா கன்னம் என்று அவனுக்குத் தோன்றியிராது.

சொல்லாவிட்டால் அந்தக் காவலர் மேல் பழி நிற்கும். சொன்னால், கறுப்பு விழுந்த கட்டை வேறு எங்கேயோ இருக்கிறது என்ற நினைப்பும் அந்த அம்மாவுக்கு இல்லாமல் போகும். சொன்னேன். கோமதியம்மாள் கட்டையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "எங்கண்ணே, அவன் கை?" என்று கேட்டார். காட்டினேன். தன் பெருவிரலை அதன்மேல் வைத்தார். "தகட்ட மாட்டணும்மா" என்று காவலர் சொல்லியும் எடுக்கவில்லை. "இதையே குடுங்க சார்" என்றார்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இடது பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன். ரேகை வைத்த பிறகு, கட்டையில் கறுப்பு இருந்ததைக் கண்ணால் பார்த்தவர் வேறு யார் என்று அய்யா கேட்டதால் இதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். பலராமன் இல்லை. மோகன் இல்லை. என்னை விட்டால் உயிரோடு இருப்பவர் கோமதியம்மாள்.