மகளுக்கு விழுந்த கோல்

புத்தூர் தாண்டியதும், பேருந்தில் என் முன் இருக்கையில் இருந்த பெண் தோழியிடம் சொன்னாள்: "நேற்று ஹொக்கி மாட்ச்சிலை என்ரை மகளுக்குக் கோல் விழ, நான் எழும்பி நிண்டு கைதட்டிப்போட்டன்."

"ஏனடி?"

"அடிச்சது எங்கடை பழைய பள்ளிக்கூடம். மகள் மற்றப் பக்கத்துக் கோல்கீப்பர். நாங்கள் அந்த நாளிலை தகரம் அடிச்சு ஒரு பாட்டுக் கத்தினமெல்லே, அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் அதையே கத்தினவை. என்னை அறியாமல் நானும் சேர்ந்து கத்திப்போட்டன். மகள் திரும்பிப் பாத்தாள்."

தோழிக்குச் சிரிப்பு வந்தது. மற்றவளின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"பிறகு என்ன சொன்னவள்?"

"இண்டைக்குக் காலமை சாப்பாடு கட்டிக் குடுக்கேக்கைதான் வாய் திறந்தாள். 'அம்மா, இனி மாட்ச்சுக்கு அப்பா வரட்டும்' எண்டாள். நான் ஓம் எண்டன்."